குறுக்கே கிடந்த குழை

மகன், போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன ஒரு கதைக்கு நான் "ஓம்" என்று சொன்னேன். அந்த ஓமைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியோ, அங்க மழையோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராதது கையாலாவது வருகிறதா பார்ப்போம் என்று உன் பழைய கொப்பியில் நாலைந்து தாள் கிழித்து எடுத்திருக்கிறேன். எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும். வீதி ரோலரின் சக்கரத்தைப் பிடித்துப் பழகிய கைக்குப் பேனை பிடிபடுவதில்லை, பொறுத்துக்கொள்.

நீ சொன்னது இது. காட்டு வீதியை அகலிக்கப் போகிறார்கள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது வருகிற அந்த நீளமான காட்டுத் துண்டில், வாகனங்களை ஓரங்கட்டி நின்று மரங்களைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஓர் இடம் அமைக்கப் போகிறார்கள். அது உன் சித்தப்பாவின் பாலைப்பழக் கடை நிற்கிற இடம். அளந்து அறிக்கை எழுதுகிற உத்தியோகத்தன் நீ. வீதியோரக் கடைக்காரர்களுக்குப் பின்பக்கமாக மாற்றிடம் கொடுக்கலாம், ஆனால் காட்டுக் குற்றம் செய்தவர்களுக்குக் கொடுக்க முடியாது என்றாய். "அவற்ர பேர் வந்தா நான் உள்ளதைத்தான் எழுதுவன், அப்பா. களவா முதிரை மரம் தறிக்கப் போய்க் காலைக் குடுத்த மனுசன். அண்டைக்குக் காடு, இண்டைக்கு றோட்டுக்காணி. சட்டமெண்டா அவருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்" என்றாய். அம்மா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

உன் பைலில் அந்த வீதியின் நீளமும் அகலமும் இருக்கும். அதன் கதை இராது. உன் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல் இருந்து, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயற்காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மம்மாக்களும் மாமாக்களும் "காட்டுக்குப் போய் யானைக்குச் சோறாகப் போறியோ" என்று பழித்தும் கேளாமல் லொறியில் ஏறி வந்தவர். அவர் வந்த காலத்தில் அது கிறவல் வீதி. அதற்கு முந்தி வெறும் வண்டிப்பாதை என்று இங்கே முதலே இருந்த ஆட்கள் சொல்லுவார்களாம். தனி வண்டி போகாது. ஐந்தாறு வண்டிகள் சேரும்வரை காத்திருந்து, தகரத்தில் தட்டிக்கொண்டு, மத்தியான வெயிலிலும் ராந்தலைக் கையில் வைத்துக்கொண்டு போவார்களாம். பிறகுதான் ஒற்றைப் பட்டையாகத் தார் வந்தது. எதிரே ஒரு பஸ் வந்தால் மற்றது மண்ணுக்கு இறங்க வேண்டும். யார் இறங்குவது என்று இரண்டு டிரைவர்மாரும் முழிசிக்கொண்டு நிற்பதை நானும் உன் சித்தப்பாவும் யன்னலில் தொங்கி நின்று பார்த்திருக்கிறோம். கொப்புகள் மேலே ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். வெயில் காசு காசாக விழும். "கையை உள்ளுக்கு எடுங்கோ, கொப்பு அடிக்கும்" என்று கொண்டக்டர் கத்திக்கொண்டே வருவார்.

காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய பாலை மரம். அதன் அடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். பஸ் அங்கே நிற்கும். கொண்டக்டர் இறங்கி, பக்கத்துப் பற்றையில் இலைக்கொத்தோடு ஒரு குழை முறித்துக் கல்லடியில் போட்டுவிட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார். "உன்ர காட்டுக்குள்ள வாறம் ஐயா, வழியை விடு" என்று கேட்பதுதான் அது. குழை போடாமல் ஏறினால் பெரியவர் மறிப்பார் என்பார்கள். யானையைக் காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். விறகுக்குப் போகிறவர், தேனுக்குப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர் எல்லோரும் தாங்கள் உள்ளே இறங்குகிற பாதையின் வாயில், ஓரமாக, ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். இந்த "ஓரமாக" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள். எல்லாக் கதையும் அதில்தான் இருக்கிறது.

பிறகு வந்த யுத்த காலத்தை உனக்கு நான் விரிக்கத் தேவையில்லை. மறைவு இருக்கக் கூடாது என்று வீதியின் இரு பக்கமும் காட்டை வெட்டி வெளிக்க வைத்தார்கள். பஸ் நின்றது. சனம் உழவு மெசினிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் அதால் ஒரே பக்கமாக இடம்பெயர்ந்து போனது. பிறகு யாருமே போகவில்லை. நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது தார் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. வெட்டின காடு வீதியின் விளிம்புக்குத் திரும்பி வந்திருந்தது. இரு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். இன்றைக்குக் கொழும்பிலிருந்து வந்து இறங்கி, ஆதிக்காடு என்று மெய்மறந்து படம் எடுக்கிறார்களே, கல்யாணச் சோடிகள் வேறு நடுவீதியில் கைகோத்து நிற்கிறார்களே, அந்தக் காட்டைப் பல வருடம் காத்தது மிதிவெடி. சொன்னால் சிரிப்பார்கள். மனிசன் கால் வைக்கப் பயந்த இடத்தில்தான் மரம் நிம்மதியாக நின்றது.

பலகைகள் வீதியோரத்தில் மட்டும்தான் இருந்தன. உள்ளே போகிற பழைய வண்டிப்பாதைகளை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதனால் முதலில் திரும்பி வந்த சனம் தாங்களாகவே ஓர் அடையாளம் வைத்தது. சந்தேகமான பாதை என்றால் அதன் வாயில் குழை முறித்துக் குறுக்கே போட்டுவிடும். ஓரத்தில் கிடந்தால் போய் வா என்று அர்த்தம். குறுக்கே கிடந்தால் போகாதே என்று அர்த்தம். வெளியூரான் ஒருவனுக்கு இரண்டும் ஒன்றுதான், காய்ந்த இலை. எங்களுக்கு அப்படியில்லை. எனக்கு நிச்சயமாக அப்படியில்லை.

எங்களுக்கு வீட்டுக் கூரைக்குத் தகரம் தந்திருந்தார்கள். கப்பு நடவும் முகட்டுக்கும் மரம் நாங்கள்தான் தேட வேண்டும். மாரி நெருங்கிவிட்டது. நீயும் அம்மாவும் தறப்பாளுக்குள் ஈரத்தில் படுத்தீர்கள். சித்தப்பாவுக்கு வீடு வாசல் குடும்பம் என்று ஒன்றுமில்லை, பக்கத்தில் ஒரு சின்னத் தறப்பாள், அவ்வளவுதான். நான் அப்போது வீதி வேலையில் கொடி பிடிக்கிற நாட்கூலியாகச் சேர்ந்திருந்தேன். "காட்டுக்குள்ள கால் வைச்சவன்ர பேரை அண்டைக்கே வெட்டுவன்" என்று வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் எங்களை வரிசையில் நிறுத்திச் சொல்லியிருந்தார். நான்தான் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவன் பஞ்சிப்பட்டான். "வெளியில வாங்குவம் அண்ணை, ஆரும் கொண்டுவருவினம்" என்றான். "ஆறு கப்பு வெட்ட ஒரு மணித்தியாலம் போதும், நீ வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். முதிரையுமில்லை, களவுமில்லை. உனக்கு ஒரு கூரை வேண்டும் என்று போனோம்.

சைக்கிளை வீதியோரம் சாத்திவிட்டு, சிறுவயதில் மாடு தேடிப் போன வண்டிப்பாதைக்கு வந்தோம். வாயில் நாலைந்து வீரை மரக் குழைகள் கிடந்தன. அவன் நின்றுவிட்டான்.

"அண்ணை, குறுக்கால கிடக்குது."

"என்னடா குறுக்கால?"

"குழை. ஆரோ போகவேண்டாமெண்டு போட்டிருக்கினம் போல."

"அது பிள்ளையாருக்குப் போட்டது. எங்களுக்கு முதல் ஆரோ உள்ளுக்குப் போயிருக்கினம். காத்துக்கு இடம் அரக்கியிருக்கும். நீயும் ஒண்டை முறிச்சுப் போட்டிட்டு நட."

"உனக்குப் பிள்ளையாரோட நேர கதை போல" என்று சிரித்தான். ஆனால் முறித்தான். போட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் என் குழையை முறிக்க ஒரு பக்கம் திரும்பினேன். அவன் கோடரியோடு முன்னால் நடந்தான்.

சத்தத்தை எழுத மாட்டேன். அவனை முதுகில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அந்த நிலைமையிலும் அவன் என் காதுக்குள் சொன்னது, "வந்த அடியிலயே காலை வை, அண்ணை. விலத்தாத." அப்படித்தான் வீதிக்கு வந்து சேர்ந்தேன். அவன் வழி காட்ட.

மகன், அந்தக் குழைகள் குறுக்கே கிடந்தன. காற்றுக்கு அரக்கவில்லை. நாலைந்து குழை ஒரே நேர்கோட்டில் காற்றுக்கு அரக்காது. நான் கண்டேன். கண்டதை எனக்கு வசதியாக வாசித்தேன். பக்தி என்று சொல்லி என் அவசரத்தை மூடினேன். இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே புத்தி இதுதான்: வேண்டியது ஒன்று கண்முன்னால் நின்றால், பாதையில் கிடக்கிற அடையாளமெல்லாம் "போ" என்றுதான் தெரியும். உனக்கு இப்போது கையில் பேனையும் பைலும் இருக்கின்றன. நீயும் தினம் எதையாவது வாசித்துக் கையெழுத்து வைக்கிறாய். கவனமாக இரு.

இது பிழை. பிழையை யாரும் விடலாம். நான் உனக்குச் சொல்ல வெட்கப்படுவது அடுத்ததைத்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கொப்பியோடு ஒருவர், கூட எங்கள் ஓவசியர். எதற்குக் காட்டுக்குள் போனது, யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டார்கள். நான் ஓவசியரின் முகத்தைப் பார்த்தேன். வேலை போனால் என்ன செய்வது என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான், ஐயா. முதிரை தறிக்கப் போறன் எண்டு தன்ர பாட்டில போனவன். நான் தேடிப் போய்த்தான் தூக்கிக்கொண்டு வந்தனான்" என்றேன். எவ்வளவு ஒழுங்காக வந்தது தெரியுமா அந்தப் பொய். ஒரு இடத்தில்கூட நாக்கு இடறவில்லை. அவர்கள் கட்டிலில் கிடந்தவனிடம் கேட்டார்கள். அவன் "ஓம், அண்ணை சொன்னது சரி" என்றான்.

வழக்கு ஒன்றும் வரவில்லை, எச்சரித்து எழுதிவைத்தார்கள். நீ பைலில் கண்ட "முந்தின குற்றம்" அதுதான். என் வேலை தப்பியது. கொடி பிடித்தவன் ரோலருக்கு உதவியாளானேன், பிறகு ரோலர் டிரைவர். வீதிக்குக் கார்ப்பெட் தார் போட்டபோது அந்தக் காட்டுத் துண்டு முழுவதையும் நான்தான் அழுத்தினேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து வீதியோரம் நின்று பார்ப்பாய். "எங்கட அப்பா போட்ட றோட்டு" என்று வகுப்பில் சொன்னதாக உன் ரீச்சர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறா. அந்தப் பெருமையில்தான் நீ இந்தப் படிப்பைப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை நீ அதைச் சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு நிறையும், உடனே அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன்னால் வரும். இரண்டும் சேர்ந்தே வரும், இத்தனை வருடமாக.

அவனுக்கு ஊர் ஒரு பெயர் வைத்தது. முதிரைக்கால். முதிரைக்குப் போய்க் கால் போனவன், முதிரையிலேயே கால் செய்து போட்டிருக்கிறான் என்று பகிடி. ஒருநாள் நீயும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய். "பெரியாக்களை அப்பிடிச் சொல்லக்கூடாது" என்றேன். அது பொய் என்று சொல்லவில்லை. நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு உண்மையை விழுங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு நீ அவனைச் சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. "அவர்" என்பாய், இல்லாவிட்டால் "அந்த மனுசன்."

துணுக்காயிலிருந்து அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது உனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அவனைப் பிடித்திருந்தது. பொய்க்காலையும் கண்டுதான் பிடித்திருந்தது. பிள்ளையின் தமையன் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான். "கால் இல்லாதது பெரிய விசயமில்லை, அண்ணை. களவு எண்டு ஊரில ஒரு கதை கேட்டம். அது எப்பிடி?" தமையன் தமையனிடம் கேட்கிற கேள்வி. நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "அது பழைய கதை, இப்ப அவன் திருந்திட்டான்" என்றேன். செய்யாத களவிலிருந்து அவனைத் திருத்திவிட்டேன். அவர்கள் மரியாதையாக எழும்பிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அவன் அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு எடுக்க விடவில்லை. அந்த வருடம்தான் வீதியோரத்தில் நாலு தடியை நட்டுக் கடை போட்டான். பாலைப்பழக் காலத்தில் பழம், மற்றக் காலத்தில் தேனும் தயிரும். வருகிற போகிறவர்களுக்கு இது வீரை, இது கருங்காலி, இது முதிரை என்று மரம் மரமாகக் காட்டுவான். முதிரையைக் காட்டும்போதும் முகம் மாறாது.

கடையை எடுக்காதே என்று கேட்க இதை எழுதவில்லை. வீதி அகல வேண்டுமென்றால் அகலட்டும், அது உன் தொழில். நான் கேட்பது, குற்றம் என்று எழுதுகிற இடத்தில் அவன் பெயரை எழுதாதே என்பதுதான். அங்கே எழுத வேண்டிய பெயர் என்னுடையது. சொந்தக்காரனுக்காகச் செய்தாய் என்று கதை வரும் என்று நீ பயப்படுகிறாய். நியாயம். அதனால் உன்னிடம் தனியாகச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வவுனியாவுக்கு வருகிறேன். உன் மேலதிகாரி முன்னால் இருந்து, அன்றைக்குச் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். உனக்கு அது தலைகுனிவு என்று தெரியும். உன் கூட்டாளிகளுக்கு முன்னால் "எங்கட அப்பா" என்று நீ இனி எதைச் சொல்லுவாய் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

நேற்றுப் பின்னேரம் கடைக்குப் போய் அவனிடம் இதைச் சொன்னேன். பதினைந்து வருடத்தில் நானும் அவனும் அந்த நாளைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தரம். அவன் தயிர்ச் சட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டுவதை நிறுத்தவில்லை.

"கடையை நான் நாளைக்கே பிடுங்குவன் அண்ணை. பளையில ஒரு கூட்டாளி இருக்கிறான், அங்க போய் இருந்து விப்பன். நீ பெடியனுக்கு அதை எழுதாத."

"ஏன்ரா எழுதக்கூடாது?"

"எழுதாத எண்டா எழுதாத."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். "அண்டைக்கு ஏன்ரா ஓம் எண்டனீ? இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எல்லாம் அங்கயே முடிஞ்சிருக்குமே. எனக்காகவோ சொன்னனீ?" என்று கேட்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தமையனைக் காப்பாற்றினான் என்று நினைத்து, அந்த நன்றியையும் ஒரு பாரமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அவன் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "உனக்காகவோ? உனக்கு அண்டைக்குக் கன்னத்தில அறையத்தான் யோசிச்சனான்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "அண்ணிக்குக் காய்ச்சலெண்டு பெடியனையும் கூட்டிக்கொண்டு வந்தனீயெல்லோ. எட்டு வயசு. கட்டிலடியில உன்ர சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, உன்ர வாயையே அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டவன். அவனுக்கு முன்னால உன்னைப் பொய்யன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

நீ அங்கே நின்றதையே நான் மறந்துவிட்டேன், மகன். அவன் மறக்கவில்லை.